ரோமாபுரியில் ஒரு தஞ்சை வீரர்

சம்பா அறுவடை முடிந்த தாள்வயல்களில் நம் சிறுவர் பந்து உதைத்து மகிழ்வதை யாவரும் கண்டிருக்கிறோம். அவர்களுள் எத்தனை பேர் சைமன் சுந்தரராஜ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பர்? தஞ்சையில் பிறந்த இவர், 1960-ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணிக்காக ஆடியவர்.

பயிற்சியாளர் ரஹீம், அணித்தலைவர் பி. கே. பானர்ஜி. அங்கேரியிடம் 1-2 எனத் தோற்று, பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்த நம்மவர், மூன்றாம் ஆட்டத்தில் பெரு நாட்டிடம் மூன்று கோல் பின்தங்கி நின்றனர். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. வெற்றிக்கு வழியில்லை என்றறிந்தும் ஓய்ந்துவிடாத சைமன், பந்தை வலைக்குள் செலுத்தினார். வெறும் ஆறுதல் கோல்தான். ஆயினும் அதன்பின் இந்தியா ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவேயில்லை. ஒலிம்பிக்கில் நம் நாடு அடித்த கடைசி கோலாக அதுவே நிலைத்துவிட்டது. இதை எண்ணிப் பெருமைப்படுவதா, வருந்துவதா?

பிற்காலத்தில் அவர் பயிற்சியாளரானார். 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில், இரயில்வே அணியை 3-2 என வென்று, கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி. அவ்வணியைப் பழக்கி ஆயத்தப்படுத்தியவரோ நம் தஞ்சாவூர்க்காரர்!