நடுநிலைன்னு அறிவிச்சா போதுமா? தாய்லாந்து வழியா பர்மாவுக்கு வந்த போர்

இன்னிக்கு எபிசோடுல ஒரே ஒரு கேள்விதான். "இந்தச் சண்டைக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை"ன்னு அறிவிச்ச ஒரு நாடு, எப்படி அதே சண்டைக்குள்ள போய் நிக்குது?

கண்டனூர்ல எந்தப் பெரிய வீட்டுக்குப் போனாலும் பர்மா தேக்குத் தூணைக் காட்டிப் பெருமையா பேசுவாங்க. அந்த பர்மா வாழ்வு ஏன் முடிஞ்சுதுன்னு கேட்டா, "ஜப்பான்காரன் குண்டு போட்டான்"னு ஒரு வரியில முடிச்சிருவாங்க. சரி, ஜப்பான் படை பர்மாவுக்குள்ள எந்த வழியா வந்துச்சு? மேப்பை எடுத்துப் பாருங்க. நடுவுல தாய்லாந்து இருக்கு. 1939 செப்டம்பர்ல நடுநிலைன்னு அறிவிச்ச நாடு அது.

முதல்ல, நம்ம பக்கம் என்ன மாட்டிக்கிட்டு இருந்துச்சுன்னு பார்த்துடலாம். கொண்டுவிக்கப் போன நகரத்தார் பர்மாவில் செஞ்சது வட்டித் தொழில். நிலம் அவங்களுக்கு அடமானம் மட்டும்தான். 1930-க்கு அப்புறம் அரிசி விலை விழுந்ததும், கடன் வாங்கின பர்மிய விவசாயிகளால திருப்பிக் கட்ட முடியல. அடமான நிலமெல்லாம் கடைகள் பேருக்கு மாறுச்சு. 1938 வாக்கில், கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் 25 சதவீத நிலம் செட்டியார் கைக்கு வந்திருந்தது. கேட்க பெருசா இருக்கும். ஆனா பணமா இருந்தது மண்ணா மாறிடுச்சு. மண்ணைக் கப்பல்ல ஏத்திக்கிட்டு வர முடியாதே. நிலத்தை இழந்தவங்க கோபமும் கூடவே வளர்ந்துச்சு. அது நியாயமில்லாத கோபம்னு நான் சொல்ல மாட்டேன்.

இப்போ தாய்லாந்து. பிரதமர் பிபுன் சொங்க்ராம். 1940 ஜூன் 12-ஆம் தேதி, ஒரே நாள்ல பிரிட்டன், பிரான்ஸ், ஜப்பான் மூணு பேரோடயும் ஒப்பந்தம். பக்கா பேலன்ஸ் மாதிரி தெரியுதில்ல? அதே மாசம் பிரான்ஸ் ஜெர்மனிகிட்ட விழுந்துச்சு. பிரெஞ்சுக்காரங்க முன்னாடி பிடுங்கின கம்போடியா, லாவோஸ் பகுதிகளைத் திரும்ப எடுக்க இதுதான் நேரம்னு தாய்லாந்து ஒரு சின்ன யுத்தத்தில் இறங்கிச்சு. மத்தியஸ்தம் பண்ண வந்தது ஜப்பான். 1941 மே மாசம் டோக்கியோவில் ஒப்பந்தம் போட்டு, நிலத்துல ஒரு பகுதியையும் வாங்கிக் கொடுத்துச்சு. என்னைக் கேட்டா, நடுநிலையில முதல் விரிசல் இங்கதான். நமக்கு லாபம் வர்ற மாதிரி பஞ்சாயத்து பண்ணி வச்சவன், நாளைக்கு வந்து "உங்க வீட்டு வாசல் வழியா போய்க்கிறேன்"னு கேட்பான்.

பிரிட்டன் மட்டும் யோக்கியமான்னு கேட்டா, அதுவும் இல்லை. மலாயாவைக் காப்பாத்த, ஜப்பானுக்கு முன்னாடியே தெற்கு தாய்லாந்துக்குள்ள புகுந்து சொங்க்லாவைப் பிடிக்கிற திட்டம் அவங்ககிட்ட தயாரா இருந்துச்சு. பேரு ஆபரேஷன் மாடடார். அதுக்காக எல்லையில காத்துக்கிட்டு இருந்தது 11-ஆவது இந்திய டிவிஷன், அதாவது நம்ம ஆட்கள். நடுநிலை நாட்டுக்குள்ள முதல்ல கால் வச்ச பழி நமக்கு வரக்கூடாதுன்னு தயங்கித் தயங்கி, கடைசியில திட்டத்தைக் கைவிட்டாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல பிரிட்டனும் சோவியத்தும் சேர்ந்து நடுநிலை ஈரானுக்குள்ள புகுந்தப்போ அந்தத் தயக்கம் எங்க போச்சுன்னு தெரியல.

1907 ஹேக் ஒப்பந்தம் என்ன சொல்லுதுன்னா, நடுநிலை நாட்டு மண்ணு வழியா சண்டை போடறவங்க படையைக் கொண்டு போகக்கூடாது. அப்படிப் போக அந்த நாடும் விடக்கூடாது. தடுக்கலைன்னா நடுநிலை கிடையாது. சரி, தடுக்க பலம் இல்லைன்னா?

1941 டிசம்பர் 7 ராத்திரி ஜப்பான் அந்தக் கேள்வியைத்தான் கொண்டு வந்துச்சு: வழி விடு. பிபுன் அப்போ பாங்காக்கிலேயே இல்லை, கிழக்கு எல்லைப் பக்கம் போயிருந்தார். அவர் திரும்பி வர்றதுக்குள்ள, 8-ஆம் தேதி விடியற்காலை, சொங்க்லா, பட்டானி, பிரச்சுவாப் உட்பட பல இடங்கள்ல ஜப்பான் படை இறங்கியாச்சு. தாய் வீரர்களும் போலீஸும் சண்டை போட்டாங்க. சில மணி நேரத்தில் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்துச்சு. பிரச்சுவாப் விமான தளத்துல மட்டும் மறுநாள் வரைக்கும் சண்டை நடந்தது. அதே நாள் மலாயாவிலிருந்து உள்ளே வந்த பிரிட்டிஷ் தரப்பு இந்தியப் படையையும் தாய் போலீஸ் சுட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, ஒரே நாள்ல ரெண்டு பக்கத்தையும் சுட்ட நாடு! சட்டப்படி பார்த்தா அதுதான் சரியான நடுநிலை.

அப்புறம் எல்லாம் வேகம். டிசம்பர் 21 கூட்டணி ஒப்பந்தம். டிசம்பர் 23 ரங்கூன் மேல குண்டு. ஜனவரியில தாய்லாந்து எல்லை வழியா பர்மாவுக்குள்ள ஜப்பான் படை. 1942 ஜனவரி 25 அமெரிக்கா, பிரிட்டன் மேல தாய்லாந்தே போர் அறிவிச்சது. "வழி மட்டும் விடுறோம்"லேருந்து "நாங்களும் சண்டைக்காரங்கதான்" வரைக்கும் ஏழே வாரம். மார்ச்ல ரங்கூன் விழுந்துச்சு. பர்மாவிலிருந்து சுமார் 5 லட்சம் இந்தியர்கள் கிளம்பினாங்க. பெரும்பாலானவங்க காடு, மலை வழியா நடந்தே வந்தாங்க. வழியில செத்தவங்க ஆயிரக்கணக்குல.

வழி விட்ட மண்ணுல அப்புறம் தண்டவாளமும் போட்டாங்க. தாய்லாந்து பான்பொங்லேருந்து பர்மா வரைக்கும் 415 கிலோமீட்டர். மலேசியத் தமிழர்கள் சயாம் மரண ரயில்னு சொல்றது இதைத்தான். மலாயா ரப்பர் தோட்டங்கள்லேருந்து கொண்டு போன தமிழ்த் தொழிலாளர்கள் அங்க கொத்துக் கொத்தா செத்தாங்க. கூலி வேலைக்குன்னு கூட்டிக்கிட்டுப் போனவங்களுக்கு எந்த நாடு நடுநிலைன்னு தெரிஞ்சிருக்கவா போகுது?

இதுல ஒரு ட்விஸ்ட் இருக்கு. வாஷிங்டன்ல இருந்த தாய் தூதர் சேனி பிரமோஜ், போர் அறிவிப்பை அமெரிக்காகிட்ட கொடுக்க மறுத்துட்டார். அமெரிக்காவும் பதிலுக்கு போர் அறிவிக்கல. 1945 ஆகஸ்ட் 16, ஜப்பான் சரணடைஞ்ச மறுநாளே, அந்த அறிவிப்பு செல்லாதுன்னு பாங்காக் சொல்லிடுச்சு. பிரிட்டன் அவ்வளவு லேசா விடல. 1946 ஜனவரி ஒப்பந்தத்துல, 15 லட்சம் டன் அரிசியை இலவசமா கொடுன்னு எழுதி வாங்குச்சு. அந்த நிபந்தனையையும் தாய்லாந்து பேசிப் பேசி பின்னாடி தளர்த்திக்கிச்சு. அதே வருஷ டிசம்பர்ல ஐ.நா. உறுப்பினரும் ஆயாச்சு.

பர்மாவில் நம்மவங்க நிலம்? 1948-ல சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டு வந்தது. அந்தச் சட்டம், நஷ்டஈடு, பெட்டியடியில தங்கிப்போன கணக்கு, இதெல்லாம் தனி எபிசோடு. அடுத்த வாரம் அதைப் பேசலாம்.