சொரசொரப்பு நீங்கிய சுவர்

அமெரிக்க வீடுகளின் உட்சுவர்களிலும் உட்கூரைகளிலும் காணப்படும் சொரசொரப்பு, அழகு கருதி மட்டும் வந்ததன்று. குறைகளை மறைப்பதே அதன் முதற்பணி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டில் வீடுகள் பெருமளவில் கட்டப்பட்டபோது, சாந்து பூசி அது காயும்வரை நாட்கணக்கில் காத்திருக்கும் பழைய முறை பின்தங்க, இரு காகிதங்களுக்கு இடையே ஜிப்சத்தை வைத்துச் செய்த 4 அடிக்கு 8 அடிப் பலகைகளை மரச்சட்டங்களில் அறையும் முறை பரவியது. பலகைகள் சந்திக்கும் கோட்டில் காகித நாடாவை ஒட்டி, அதன்மேல் பட்டி பூசி, இணைப்பே தெரியாதவாறு இழைப்பது பொறுமையும் கைத்திறனும் வேண்டும் வேலையாதலால், குழைத்த கலவையை இயந்திரத்தால் பீச்சிப் புள்ளி புள்ளியாகப் படியவிட்டு, கோணல்களைக் கண்ணுக்குத் தெரியாமற் செய்யும் வழி கண்டறியப்பட்டது. சுவரில் இடப்படும் ‘ஆரஞ்சுத் தோல்’, உட்கூரையில் இடப்படும் ‘பாப்கார்ன்’ என அவற்றின் தோற்றத்தாலேயே பெயர்பெற்ற இப்பூச்சுகளை இன்று பலரும் நீக்கி மழமழப்பாக்க விரும்புகின்றனர். அங்கே பழைய வீடுகளை வாங்கிக் குடியேறும் தமிழ்க் குடும்பங்களும் அவர்களுள் அடங்குவர்.

நீக்குவதில் இரு வழிகள் உண்டு. வண்ணம் பூசப்படாத பாப்கார்ன் நீரை உறிஞ்சி இளகும் இயல்புடையதாதலால், அதன்மீது நீரைத் தெளித்துச் சிறிது நேரம் ஊறவிட்டு அகலத் தகட்டால் சுரண்டினால் பெயர்ந்து வந்துவிடும். வண்ணம் ஏறிய பூச்சு நீரை உள்ளே விடாது. எனவே அதன் முகடுகளை மட்டும் தட்டிவிட்டு, முழுப் பரப்பிலும் இரண்டு அல்லது மூன்று கை பட்டி பார்த்துப் பள்ளங்களை நிரப்புவதே உகந்தது. பட்டிக் கலவை, இட்லி மாவைவிடச் சற்றே கெட்டியான பதத்தில் இருத்தல் வேண்டும். முதற்கையை மேலிருந்து கீழாக இழுத்தால் அடுத்த கையைக் குறுக்காக இழுப்பது முறை. ஒரு கை நன்றாகக் காய்ந்த பின்னரே அடுத்த கை இடவேண்டும். ஈரத்தின்மேல் ஈரம் ஏற்றினால் பூச்சு சுருங்கி வெடிப்பு விடும்.

சுவர் மழமழப்பாகிவிட்டதா என்பதைக் கண் நேரடியாகச் சொல்லிவிடாது என்பதே இக்கைவினையின் வியப்பான பகுதி. அரை மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு மேட்டின்மீது, சுவர்ப்பரப்புக்கு 45 பாகைச் சாய்வில் ஒளி விழுந்தால், அதன் நிழலும் அரை மில்லிமீட்டரே நீளும். அது கண்ணில் படுவதில்லை. அதே ஒளி 5 பாகைக்குத் தாழ்ந்தால் நிழல் ஏறத்தாழ 6 மில்லிமீட்டராகவும், 1 பாகைக்குத் தாழ்ந்தால் ஏறத்தாழ 29 மில்லிமீட்டராகவும் நீண்டுவிடும். நண்பகலில் குற்றமற்றுத் தோன்றிய சுவர், சன்னல் வழியே மாலைவெயில் சுவரை ஒட்டிப் பாயும்போது மேடும் பள்ளமுமாகக் காட்சியளிப்பது இதனாலேதான். தேய்ந்த கல்வெட்டைப் படிப்போர், விளக்கைக் கல்லின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்து எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழச் செய்வதும் இதே விதியைக் கொண்டுதான். ஆகவே, தேர்ந்த பணியாளர் அறையின் நடுவிளக்கை நம்பாமல், கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, நிழல் தோன்றும் இடங்களில் பென்சிலால் குறியிட்டு, அவ்விடங்களை மட்டும் மீண்டும் நிரப்பி உப்புத்தாளால் இழைப்பார். ஜிப்சம் பலகைச் சுவர்களின் முடிப்பை 0 முதல் 5 வரை நிலைகளாகப் பிரிக்கும் அமெரிக்கக் கட்டுமானத் துறை, முழுப் பரப்புக்கும் மெல்லிய பூச்சு இடும் ஐந்தாம் நிலையைப் பளபளப்பான வண்ணத்துக்கும் சாய்வொளி படும் சுவருக்கும் பரிந்துரைப்பது இக்காரணம் பற்றியே.

எனினும் தகட்டைக் கையில் எடுக்குமுன் செய்யவேண்டிய ஒன்று உண்டு. அதைப் பலர் செய்வதில்லை என்பது வருந்தத்தக்கது. பழைய பாப்கார்ன் பூச்சுகள் பலவற்றில் கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. நெருப்பைத் தாங்கும் இக்கனிம இழை, மூச்சோடு நுரையீரலுக்குள் சென்றால் உடலால் கரைக்கப்படாமல் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்தும் புற்றுநோயை உண்டாக்க வல்லது. அமெரிக்காவில் 1977இல் கல்நார் கலந்த சுவர்ப்பட்டிக்கும், 1978இல் அழகுக்காகப் பீச்சப்படும் கல்நார்ப் பூச்சுக்கும் தடை வந்தபோதிலும், ஏற்கெனவே பூசப்பட்டவை சுவரிலேயே இருக்கின்றன. அசைக்காதவரை பெரிதும் தீங்கற்றிருக்கும் அப்பூச்சு, உலர்ந்த நிலையில் சுரண்டப்படும்போதுதான் இழைகளைக் காற்றில் கலக்கிறது. ஒரு சிறு துண்டை நனைத்தெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் உண்மை தெரிந்துவிடும். கல்நார் இருப்பது உறுதியானால், உரிமம் பெற்றவர்களைக் கொண்டு அகற்றுவதோ, அதன்மேல் புதிய பலகை அறைந்து மூடிவிடுவதோதான் வழி.

தமிழ்நாட்டில் செங்கல் சுவரும் சிமெண்டுப் பூச்சுமே பெருவழக்காதலால் சிக்கல் வேறு வடிவில் வருகிறது. கூடத்துச் சுவரில் விரும்பிப் பூசிய ‘டெக்ஸ்சர்’ வண்ணம் சலித்துப்போய் அதை நீக்கும்போது, இயந்திரத்தால் தேய்க்கப்படும் சிமெண்டுப் பூச்சின் மணலிலிருந்து சிலிக்காத் தூள் எழுகிறது. அது நாட்பட நுரையீரலைத் தடிக்கச் செய்து சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயைத் தரும். வேலை முடிந்து வீட்டார் சில நாட்களில் தூசியை மறந்துவிடுவர். தொழிலாளியோ அடுத்த வீட்டில் அதே தூசியை, வாயில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு சுவாசிக்கிறார். கைக்குட்டை அந்நுண்துகளைத் தடுப்பதில்லை. சுவரை மழமழப்பாக்க விழைவோர், வண்ணத்தின் விலையோடு என்95 தரத்துக்குக் குறையாத முகக்கவசத்தின் விலையையும் கணக்கில் சேர்த்து, சுவரை நனைத்தே தேய்க்குமாறும், தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்குமாறும் பணியாளரிடம் வேலை தொடங்குமுன்பே சொல்லவேண்டும்.