வீட்டுக்கு ஒரு சிஸ்டம், ஆளுக்கு ஒரு கணக்கு

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கம்ப்யூட்டர்களை அது ஏற்பதில்லை. அதற்காக, திண்டிவனத்து வீட்டுக் கூடத்தில் துணி போர்த்திக் கிடக்கும் சிஸ்டத்தை எடைக்குப் போட வேண்டியதில்லை. 4 ஜிபி ரேம் இருந்தால் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் அதில் தாராளமாக ஓடும். இலவசம்தான். மூல நிரலும் திறந்தே கிடக்கிறது.

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதல்ல. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில், விண்டோஸுடன் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. ஆனால் மென்பொருளைக் கையில் கொடுத்துவிட்டால் ஆயிற்றா? சந்தேகம் வந்தால் கேட்க ஓர் ஆள் வேண்டாமா?

விழுப்புரத்தில் அந்த ஆட்கள் இருக்கிறார்கள். விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு பத்தாண்டுகளுக்கும் மேலாக, கிராமத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கட்டணமின்றிக் கற்றுத் தருகிறது. சொல்லித் தருபவர்கள் தன்னார்வலர்கள். 2012 முதல் வெளிவரும் ‘கணியம்’ மின்னிதழ் இதே விஷயங்களைத் தமிழில் எழுதிவருகிறது.

வீட்டில் நிறுவுவது அரைநாள் வேலைகூட இல்லை. முதலில் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். வைஃபை, ஸ்பீக்கர், பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்பது அப்போதே தெரிந்துவிடும். பிரிண்டர்தான் சில சமயம் முரண்டு பிடிக்கும். பழைய ஃபைல்களை வேறு டிஸ்கில் நகலெடுத்த பிறகே நிறுவ வேண்டும்.

யோசிக்க வேண்டியது அதற்குப் பிறகுதான். தாத்தா, அம்மா, பள்ளிக்கூடப் பிள்ளை என ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு பாஸ்வேர்டு. ஒருவர் ஃபைல்கள் இன்னொருவர் ஃபைல்களோடு கலக்காது. நிர்வாகி உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். பிள்ளை கண்டதை நிறுவிவைக்கும் தொல்லை அதோடு ஒழியும். அப்டேட் தானாக நடக்கும்படி அமைத்துவிடலாம். ‘டைம்ஷிஃப்ட்’ என்ற மென்பொருள் சிஸ்டத்தின் நிலையை அவ்வப்போது படம்பிடித்து வைக்கும். ஏதாவது கெட்டால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது குடும்பப் புகைப்படங்களைக் காக்காது, அவற்றுக்குத் தனிப் பிரதி வேண்டும். தாத்தாவுக்கு எழுத்தைப் பெரிதாக்கி, மேசைத்திரையில் பிரவுசர், லிப்ரே ஆபீஸ் என இரண்டே ஐகான் வைத்தால் போதும். தமிழ்99 விசைப்பலகையையும் அன்றே சேர்த்துவிடுவது நல்லது.

டேலியில் கணக்கு எழுதுபவரும் ஃபோட்டோஷாப்பில் பிழைப்பு நடத்துபவரும் இருக்கும் வீட்டுக்கு இது சரிவராது. அந்த மென்பொருள்கள் லினக்ஸில் நேரடியாக ஓடா. பிரவுசர், கடிதம், பாடம், வீடியோ என்று இருக்கும் மற்ற வீடுகளுக்கு இது தாராளமாகப் போதும்.