பழைய கணினியின் ஆயுளும் திறந்த இயக்கிகளும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11ஐ முறைப்படி நிறுவ முடியாது. அவற்றைக் கழித்துவிடுவதா, லினக்ஸ் நிறுவித் தொடர்ந்து பயன்படுத்துவதா? தஞ்சை மாவட்டக் கிராமப் பள்ளியில் பணியாற்றும் எனக்கும் இக்கேள்வி எழுந்தது. விடை பெரிதும் கணினிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் சில்லைப் பொறுத்தது.

லினக்ஸ் நமக்குப் புதிதல்ல. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் மாணவர் கைக்கு வந்தது.

இயக்கி என்றால் என்ன?

ஒரு வட்டம் வரையும்படி மென்பொருள் சொல்கிறது. அதைக் கிராபிக்ஸ் சில்லுக்குப் புரியும் கட்டளையாக மாற்றுவதே டிரைவர் எனப்படும் இயக்கி. சில்லுக்குச் சில்லு கட்டளைமுறை மாறும். அதை விளக்கும் ஆவணத்தைத் தயாரிப்பாளர் வெளியிட்டால் யாரும் இயக்கி எழுதலாம், திருத்தலாம். வெளியிடாவிட்டால் நிறுவனம் தரும் மூடிய இயக்கியையே நம்பியிருக்க வேண்டும். நிறுவனம் கைவிட்டால், நல்ல நிலையில் உள்ள சில்லும் புதிய இயங்குதளத்தில் முழுத்திறனுடன் இயங்காது.

டெல்டா மாணவர்களுக்கு இதை விதையை வைத்து விளக்கலாம். பாரம்பரிய நெல்லில் அடுத்த போகத்துக்கு நாமே விதை எடுத்து வைக்கலாம். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை பெற்றவர்கள், மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தந்தார்கள். வீரிய ஒட்டு விதையையோ ஒவ்வொரு முறையும் விலைக்கு வாங்க வேண்டும். திறந்த இயக்கி முதல் வகை. மூடிய இயக்கி இரண்டாம் வகை.

நிறுவனங்களின் நிலை

இன்டெல் தன் கிராபிக்ஸ் இயக்கிகளை நெடுங்காலமாகத் திறந்த மூலமாகத் தருகிறது. பிற நிறுவன வடிவமைப்பைக் கொண்ட ஜிஎம்ஏ 500 போன்ற சில சில்லுகள் மட்டும் விதிவிலக்கு. ஏஎம்டி 2007 முதல் சில்லு ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. என்விடியா பல்லாண்டுகள் மூடிய இயக்கியையே தந்தது. ஆவணம் இல்லாமலே, சில்லின் செயல்பாட்டைக் கவனித்துத் தன்னார்வலர்கள் ‘நூவோ’ என்ற திறந்த இயக்கியை எழுதினர். 2022 மே மாதம் என்விடியா தன் லினக்ஸ் இயக்கியின் ஒரு பகுதியைத் திறந்தது. ஆனால் அது 2018இல் வந்த ட்யூரிங் வகைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்குமே பொருந்தும். அதற்கு முந்தைய அட்டைகளுக்குப் பயனில்லை.

நாம் செய்யக்கூடியவை

முதலில் தலைமை ஆசிரியரின் அனுமதி பெற்று, கோப்புகளை நகலெடுத்து வையுங்கள். பென்டிரைவில் உபுண்டு போன்ற லினக்ஸை ஏற்றி, நிறுவாமலே ‘லைவ்’ முறையில் இயக்குங்கள். செட்டிங்ஸில் ‘அபவுட்’ பகுதியில் ‘கிராபிக்ஸ்’ வரியைப் பாருங்கள். சில்லின் பெயர் வந்தால் இயக்கி வேலை செய்கிறது. ‘எல்எல்விஎம்பைப்’ என்று வந்தால் படம் வரையும் வேலையையும் பிராசசரே சுமக்கிறது. தமிழ்த் தட்டச்சுக்கும் லிப்ரே ஆபிஸுக்கும் அது போதும், காணொலியும் ஜியோஜீப்ராவும் தடுமாறலாம்.

முன்னாள் மாணவர்களோ நன்கொடையாளர்களோ கணினி வாங்கித்தர முன்வரும்போது, “இதன் கிராபிக்ஸ் சில்லுக்குத் திறந்த இயக்கி உண்டா?” என்று கேட்டுவிடுங்கள். நிறுவனத்தின் ஆதரவு முடிந்த பிறகும் அந்தக் கணினி எத்தனை வகுப்புகளுக்குப் பயன்படும் என்பது அந்தப் பதிலில் இருக்கிறது.