கியாஸ் விலை ஏறியது, கம்பெனி கவிழ்ந்தது!

அரிசி விலை ஏறினால் கையிருப்பு வைத்திருக்கும் வியாபாரிக்கு லாபம். தங்கம் விலை ஏறினால் தங்கம் வைத்திருப்பவருக்கு லாபம்.

அப்படியானால், கியாஸ் விலை ஏறினால் கியாஸ் கம்பெனிக்கு லாபம்தானே? அதன் பங்கை வாங்கினால் பணம் பெருகும் அல்லவா?

அவசரப்படாதீர்கள்! ஐரோப்பாவில் நடந்ததைக் கேளுங்கள்.

விஷம்போல் ஏறிய விலை

அங்கு கியாசையும் மின்சாரத்தைப்போல யூனிட் கணக்கில் விற்கிறார்கள். 2021-ம் ஆண்டு தொடக்கத்தில் மொத்தச் சந்தையில் ஆயிரம் யூனிட் கியாஸ் சுமார் 20 யூரோ. 2022 ஆகஸ்டு மாதம் அது 300 யூரோவைத் தாண்டியது!

2022 பிப்ரவரியில் ரஷியா, உக்ரைன் மீது படையெடுத்தது. ஜூன் மாதம் முதல், கடலுக்கு அடியில் உள்ள குழாய் வழியாக ஜெர்மனிக்கு அனுப்பிய கியாசை ரஷியா குறைத்தது. செப்டம்பரில் அடியோடு நின்றுபோனது.

கவிழ்ந்த கம்பெனி

ஜெர்மனியில் "யூனிப்பர்" என்று ஒரு பெரிய கம்பெனி. ரஷியாவிடம் கியாஸ் வாங்கி, ஊர் ஊராக விற்று வந்தது. என்ன விலைக்குக் கொடுப்பது என்பதை முன்கூட்டியே பேசி முடித்திருந்தது.

ஒரு பால்காரர், "வருஷம் முழுவதும் லிட்டர் 50 ரூபாய்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். திடீரென்று பண்ணையிலிருந்து பால் வரவில்லை. வெளியே லிட்டர் 500 ரூபாய்! வாங்கி ஊற்றினால் லிட்டருக்கு 450 ரூபாய் நஷ்டம். யூனிப்பர் நிலைமையும் இதுதான்.

2022-ம் ஆண்டில் மட்டும் அதற்குச் சுமார் 1,900 கோடி யூரோ நஷ்டம். ஆண்டு தொடக்கத்தில் 40 யூரோவுக்கு மேல் விற்ற பங்கு அது. கடைசியில் ஜெர்மன் அரசாங்கம் பங்குக்கு 1.70 யூரோ வீதம் கொடுத்து, கம்பெனியில் சுமார் 99 சதவீதத்தை எடுத்துக்கொண்டது. பங்கு வாங்கியவர்களின் சேமிப்பு கரைந்தது.

இங்கிலாந்திலும் இதே கதைதான். வீடுகளுக்கு கியாஸ் விற்ற 20-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் 2021-ம் ஆண்டிலேயே மூடப்பட்டன. வாங்கும் விலை ஏறியது. விற்கும் விலைக்கோ உச்சவரம்பு இருந்தது!

கொழித்த கம்பெனி

நார்வே நாட்டு "ஈக்வினார்" கம்பெனிக்கு அதே ஆண்டு யோகம் அடித்தது. அதற்குக் கடலில் சொந்தக் கிணறுகள் உண்டு. கியாஸ் எடுக்கும் செலவு அதிகம் ஏறவில்லை. விற்கும் விலையோ பல மடங்கு! வரிக்கு முன்பு சுமார் 7,500 கோடி டாலர் லாபம். பங்கு விலையும் ஏறியது.

ஆனால் முழு லாபமும் பங்குதாரர்களுக்குப் போகவில்லை. நார்வேயில் எண்ணெய், கியாஸ் லாபத்துக்கு வரி 78 சதவீதம்!

நீங்கள் கேட்க வேண்டியவை

எனவே, கியாஸ் கம்பெனிப் பங்கு வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். கிணறு சொந்தமா, கியாசை வெளியில் வாங்குகிறார்களா? விற்கும் விலையை உயர்த்த முடியுமா, வாக்குக் கொடுத்துவிட்டார்களா? லாபத்தில் அரசாங்கம் எவ்வளவு எடுக்கும்?

இன்னொன்று. ஏறிய விலை இறங்கவும் செய்யும். 2023-ம் ஆண்டு கோடையில் அதே ஆயிரம் யூனிட் கியாஸ் 50 யூரோவுக்கும் கீழே வந்துவிட்டது.

மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை, "விலை ஏறுகிறதாம்" என்ற ஒரே பேச்சை நம்பிப் போட்டுவிடாதீர்கள்!