உப்புக்காற்றுக்கு ஏற்ற ஃபோர்க்

சமையல் உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால், காற்றிலிருக்கும் நீரைத் தானே இழுத்துக்கொண்டு கரைந்துவிடும். அந்தமான் தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை, காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான மாதங்களில் அந்த எல்லையை ஒட்டியோ அதற்கு மேலோதான் இருக்கிறது. கடலோரத்தில் நிறுத்திய சைக்கிளில் படியும் உப்பு லேசில் காய்வதில்லை. துரு பிடிக்க இதைவிட வசதியான இடம் வேண்டுமா? அப்படிப்பட்ட ஊருக்கு எஃகு ஃபோர்க் (சைக்கிளின் முன்சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் இரட்டைக்கால் கவை) வாங்குங்கள் என்று சொல்வது விபரீதமாகத் தோன்றும். ஆனாலும் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

குறைந்த விலை சைக்கிள்களில் இப்போது மவுசு முன்பக்க ஷாக் அப்சார்பருக்கு. கடையில் கையால் அமுக்கிப் பார்த்தால் துள்ளும், மனம் மயங்கும். உள்ளே இருப்பதோ ஒரு சுருள்வில். துள்ளலை அடக்கும் எண்ணெய் அமைப்பு இந்த விலையில் பெரும்பாலும் கிடையாது. எடை இரண்டு, இரண்டரை கிலோ. ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் குழாய்களுக்கு நடுவே உப்பும் பொடிமணலும் புகுந்தால் சறுக்கல் நின்றுவிடும். அப்புறம் அது வெறும் கனத்த ஃபோர்க். சமதரையான நீல் தீவிலும் (இன்றைய ஷஹீத் துவீப்) கார் நிக்கோபாரிலும் இத்தனை இயந்திரம் எதற்கு?

சாதாரண எஃகு ஃபோர்க்கில் அசையும் பாகமே இல்லை. ஆனால் அதுவும் ஒரு வில்தான். ஃபோர்க் நெட்டுக்குத்தாக நிற்பதில்லை. தரையோடு சுமார் 72 பாகையில் சாய்ந்திருக்கிறது. பள்ளத்தில் விழும்போது மேல்நோக்கி வரும் உதையில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு, கால்களை முன்னால் வளைக்கப் போகிறது. எவ்வளவு வளையும் என்பதைக் குழாயின் பருமன் தீர்மானிக்கிறது. சுவர்த்தடிமனை மாற்றாமல் குறுக்களவைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே வளைவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். நல்ல ஃபோர்க்கின் கால்கள் மேலே தடித்து, சக்கர அச்சை நெருங்க நெருங்கத் தூண்டில் கழிபோல் ஒடுங்கி வருவது இதனால்தான். அழகுக்காக என்று நினைப்பவர்கள் உண்டு. அழகாக இருப்பதும் உண்மை. அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்த பழைய ஹெர்குலிஸ் வண்டிகளில் இந்த ஒடுக்கத்தையும் நுனி வளைவையும் இன்றும் பார்க்கலாம்.

இங்கே ஒரு புதிர். எஃகின் யங் குணகம் சுமார் 200 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70 மட்டுமே. அதாவது எஃகு மூன்று மடங்கு விறைப்பானது. பிறகு எப்படி எஃகு ஃபோர்க் கைக்கு இதமாக இருக்கிறது? அலுமினியத்துக்குக் களைப்பு வரம்பு என்று ஒன்று கிடையாது. சிறுசிறு வளைவுகள்கூட லட்சக்கணக்கில் சேர்ந்தால் விரிசல் விடும். வளையாமல் இருக்க அதைப் பருமனாகச் செய்தாக வேண்டும். எஃகோ ஓர் அளவுக்குட்பட்ட வளைவைச் சலிக்காமல் தாங்கும். அதனால் ஒல்லியாக இருக்கத் துணிகிறது.

விலையின் ரகசியமும் இதில்தான் இருக்கிறது. சாதாரண எஃகும் விலை கூடிய குரோமோலி எஃகும் விறைப்பில் ஏறத்தாழ ஒன்றே. குரோமோலிக்கு வலிமை அதிகம், அதனால் குழாயை மெலிதாக்கலாம், எடை குறையும். கூடுதல் காசு வாங்கித் தருவது அந்த மெலிவைத்தான். கையில் காசு குறைவென்றாலும் கவலையில்லை; ஒல்லியாக ஒடுங்கிய சாதாரண எஃகு ஃபோர்க், தடித்த குரோமோலி ஃபோர்க்கைவிட இதமாக இருக்கக்கூடும். ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள்.

டிஸ்க் பிரேக் ஃபோர்க்கிலும் கவனம் தேவை. பிரேக்கின் முறுக்கு முழுவதும் ஒரே காலின் அடிப்பகுதியில் விழுவதால் அந்தக் காலைத் தடிமனாகச் செய்கிறார்கள்; மென்மை அதோடு போயிற்று. சமதரைத் தீவுக்கு ரிம் பிரேக்கே போதும். ஹேவ்லாக் தீவில் ராதாநகர் கடற்கரைக்குப் போகும் மேடுபள்ளச் சாலையில் மழைக்காலத்தில் ஓட்டுபவர் மட்டும் டிஸ்க்கை யோசிக்கலாம்.

வளைந்துகொடுக்கும் ஃபோர்க்குக்கு நேர் எதிரான சைக்கிளும் இந்தத் தீவுகளுக்குப் பழக்கம்தான். 2019-ல் ஜெர்மனியில் ஜூனியர் உலகப் பட்டம் வென்ற இந்திய டீம் ஸ்பிரிண்ட் அணியில் அந்தமான் நிக்கோபாரின் எசோவ் ஆல்பனும் இருந்தார். அந்தப் பந்தயம் நடக்கும் உள்ளரங்கப் பாதையில் குழியே இல்லை. அங்கே வளையாத ஃபோர்க்தான் நல்ல ஃபோர்க்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஃபோர்க் தருவது சில மில்லிமீட்டர் அசைவு. அகன்ற டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் அதைவிடப் பல மடங்கு இதம், செலவில்லாமல். ஆகவே இரண்டு அங்குல டயர் நுழையும் இடைவெளி உள்ள ஃபோர்க்கைத் தேர்ந்தெடுங்கள். ஃபிரேமுக்குள் ஏறும் தண்டின் குறுக்களவும் (25.4 அல்லது 28.6 மி.மீ.), அச்சிலிருந்து கிரவுன்வரை (கால்கள் மேலே சேரும் இடம்) உள்ள நீளமும், அச்சு முன்தள்ளி நிற்கும் அளவும் பழையதோடு பொருந்த வேண்டும். நீளம் கூடினால் வண்டியின் முகம் தூக்கிக்கொள்ளும். முன்தள்ளல் மாறினால் ஹேண்டில்பாரின் குணமே மாறும்.

இனி துரு. பெயிண்ட் வெளிப்பக்கத்துக்குத்தான், எஃகு அரிபடுவது பெரும்பாலும் உள்ளிருந்து. கால்களின் நுனியில் சிறு துளைகள் இருந்தால் அவை நீர் வடியும் வழி, அடைக்காதீர்கள். மாட்டுவதற்கு முன் குழாய்க்குள் ஆளிவிதை எண்ணெய் ஊற்றிச் சுழற்றி, மிச்சத்தை வடித்துக் காயவிட வேண்டும். தீவெங்கும் கிடைக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை ஊற்றிப் பயனில்லை. ஆளிவிதை எண்ணெய் ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகிப் படலமாகும், தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணம் இல்லை. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அந்த வினையின் சூட்டிலேயே தீப்பிடிக்கலாம். தண்டிலும் பால்ரஸ்ஸிலும் தாராளமாக கிரீஸ் பூசுங்கள். ஆண்டுக்கொரு முறை கழற்றி, கிரவுனுக்குச் சற்று மேலே தண்டைத் துடைத்துப் பாருங்கள். கோடுபோல் துரு ஓடியிருந்தால் அது விரிசலாக இருக்கலாம், அந்த ஃபோர்க்கை மாற்றிவிடுங்கள்.