எம்.எஸ். உள்ளவர்களுக்கு வெயில் ஏன் ஆகாது?

காலையில் நன்றாக நடந்தவர், மதிய வெயிலில் ரேஷன் கடை வரிசையில் நின்றுவிட்டு வரும்போது ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறார். கண் வேறு மங்கல். ஃபேனுக்கடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. பார்க்கிறவர்கள் ‘நடிப்பு’ என்று முணுமுணுப்பார்கள். உங்கள் வீட்டில் எம்.எஸ். உள்ளவர் இருந்தால், இதை நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும்.

எம்.எஸ். என்றால் என்ன? மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ். கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றிலுள்ள மையலினை (நரம்பிழையைச் சுற்றியுள்ள கொழுப்பு உறை) தாக்கிவிடுகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

இதற்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம்? உறை போன நரம்பில் செய்தி ஏற்கெனவே தட்டுத்தடுமாறித்தான் போகிறது. உடம்புச் சூடு அரை டிகிரி செல்சியஸ் கூடினாலே சிலருக்கு அது வழியிலேயே நின்றுவிடும். உடற்பயிற்சி செய்ததும் நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதை 1890இல் எழுதி வைத்தவர் ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊத்தாஃப். எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன், சந்தேகம் உள்ளவர்களை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துச் சோதித்த காலமும் உண்டு. நீங்கள் வீட்டில் அதைச் செய்து பார்க்க வேண்டாம்.

அப்படியானால் வெயிலில் நோய் முற்றிவிடுமா? முற்றாது. பழைய காயத்தைத்தான் சூடு வெளியே காட்டுகிறது. உடம்பு குளிர்ந்ததும் தொந்தரவு போய்விடும். ஆனால் அந்த நேரத்தில் படியில் தடுக்கி விழுவதும், வண்டி ஓட்டும்போது எதிரே வருவது தெரியாமல் போவதும் நிஜமான ஆபத்து. கண் மங்கினால் வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்? புதிதாக ஒரு தொந்தரவு வந்து, அல்லது பழையது மோசமாகி, காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது ரிலாப்ஸாக (நோய் மீண்டும் தாக்குவது) இருக்கலாம். உதாரணமாக, ஒரு கண்ணை அசைத்தால் வலிக்கும், அந்தக் கண்ணுக்குச் சிவப்பு வெளிறித் தெரியும். நரம்பியல் மருத்துவர் மூன்று முதல் ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்றச் சொல்லலாம். அது சீக்கிரம் தேற உதவும், அவ்வளவுதான். அடுத்த தாக்குதலைக் குறைப்பது தொடர்ந்து எடுக்கும் மருந்துதான். ‘இப்போதுதான் நன்றாக இருக்கிறேனே’ என்று அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

காய்ச்சல் வந்தால்? அதுவும் சூடுதானே. கால் திடீரென்று துவண்டால் முதலில் சிறுநீரைச் சோதியுங்கள். எம்.எஸ்.ஸில் சிறுநீர்ப்பை முழுக்கக் காலியாகாமல் போவதால் தொற்று அடிக்கடி வரும். சிலருக்கு எரிச்சல்கூடத் தெரியாது. தொற்று சரியானால் காலும் பெரும்பாலும் தேறிவிடும். அடிக்கடி பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். தொற்றுக்கு வழிவிடுவதே அந்தப் பழக்கம்தான்.

அன்றாடம் என்ன செய்யலாம்? வெளிவேலையைக் காலையிலேயே முடியுங்கள். கழுத்தில் ஈரத்துண்டு, பையில் குளிர்ந்த தண்ணீர். காய் நறுக்குவது, மாவு பிசைவது எல்லாம் அடுப்படியில் நின்றுகொண்டே செய்ய வேண்டியதில்லை. ஹாலில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து செய்யலாம். தீபாவளிக்கு எண்ணெய் தேயுங்கள், ஆனால் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேண்டாம். வெயிலுக்குப் பயந்து உடற்பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதற்கு முன்பும் நடுவிலும் ஜில்லென்று தண்ணீர் குடித்தால் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கலாம். ஏ.சி. விஷயத்தில் கரன்ட் பில்லைப் பார்த்து வீட்டில் சண்டை வரும். இவர்களுக்கு அது ஆடம்பரமில்லை, ஊன்றுகோல் வாங்கித் தருவதற்குச் சமம் என்றே நான் சொல்வேன்.

அலுவலகத்தில் இந்த வசதிகளை எந்த அடிப்படையில் கேட்பது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்டுள்ள 21 குறைபாடுகளில் மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸும் ஒன்று. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் கிடைத்தால் சில அரசுச் சலுகைகளுக்கு வழி உண்டு. ஒரு சிக்கல்: சான்றிதழுக்காக மருத்துவக் குழுவின் முன் போகும் நாளில் நீங்கள் தெம்பாக நடந்து போகக்கூடும். அதனால் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டுகளோடு, மோசமான நாட்களில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எது முடியவில்லை என்பதையும் உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.